விளையாட்டுச் சட்டையின் விலையும் தைப்பவர் கூலியும்



தோட்டத் தமிழ்ப்பள்ளியில் விளையாட்டுப் போட்டி நெருங்கிவிட்டால் வீட்டில் இரண்டு பேச்சுக் கிளம்பும். பிள்ளை எந்த இல்லத்துக்கு ஓடுகிறான், சிவப்பா நீலமா என்பது ஒன்று. காலுக்குச் சப்பாத்தும் மேலுக்குச் சட்டையும் என்ன வாங்குவது என்பது மற்றொன்று. இரவுச் சந்தையில் இருபது வெள்ளிக்குச் சட்டை கிடைக்கிறது. நிறம் அதேதான். தொட்டுப் பார்த்தால் துணியும் ஏறக்குறைய அதேதான். ஆனால் பிள்ளைக்கு மார்பில் அந்த வளைந்த குறி வேண்டும். இல்லாவிட்டால் மூன்று கோடாவது வேண்டும். குறி வைத்த சட்டை சிரம்பான் கடையில் நூறு வெள்ளியைத் தாண்டுகிறது. "குறிக்கு மட்டும் எண்பது வெள்ளியா?" என்று தகப்பனார் கேட்கிறார்.

நியாயமான கேள்விதான். அதோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்வோம். அந்த நூறு வெள்ளியில் சட்டையைத் தைத்த பெண்ணுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது?

இந்தச் செய்தி தோட்டத்து மக்களுக்கு ஏன் என்று சிலர் நினைக்கலாம். ஓட்டப்பந்தயச் சப்பாத்தின் அடித்தட்டில் இயற்கை ரப்பரும் செயற்கை ரப்பரும் கலந்திருக்கின்றன. காற்சட்டையின் இடுப்புப் பட்டையில் ஓடும் ரப்பர் நூல் பல இடங்களில் இன்றும் பால்மரத்துப் பாலிலிருந்து இழுக்கப்படுவது. பந்துக்குள் இருக்கும் பையும் பல பந்துகளில் அந்தப் பால்தான். லிங்கியிலும் லாபுவிலும் பகாவிலும் விடியற்காலையில் உளி பிடித்த கைகளுக்கும் உலகத்து விளையாட்டு அரங்குகளுக்கும் நூறாண்டு உறவு உண்டு. இப்போது பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. நம் பிள்ளைகள் தோட்டத்தை விட்டுச் செனவாங், நீலாய் தொழிற்பேட்டைகளுக்குப் போகிறார்கள். ஆகவே தொழிற்சாலைக் கணக்கு நம் வீட்டுக் கணக்கும் ஆகிவிட்டது.

முதலில் குறி வந்த கதையைப் பார்ப்போம்.

ஜெர்மனியில் ஹெர்சோகனாவ்ராக் என்றொரு சிற்றூர். அங்கே அடால்ஃப் டாஸ்லர், ருடால்ஃப் டாஸ்லர் என்ற அண்ணன் தம்பி இருவர் சேர்ந்து விளையாட்டுச் சப்பாத்து செய்துவந்தார்கள். இருவருக்கும் பகை மூண்டது. 1948-இல் ருடால்ஃப் தனியே போய்ப் பூமா நிறுவனத்தைத் தொடங்கினார். மறு ஆண்டு அடால்ஃப் தம் நிறுவனத்தை அடிடாஸ் என்ற பெயரில் பதிவு செய்தார். ஊரே இரண்டாகப் பிரிந்தது. எதிரே வருபவர் முகத்தைப் பார்க்குமுன் காலைக் குனிந்து பார்க்கும் ஊர் என்று அதற்குப் பெயர் வந்ததாம். பங்காளிச் சண்டை நமக்குப் புதிதா என்ன? ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்தில் சப்பாத்து விற்றவர் தம் பட்டறையிலேயே அதைச் செய்தும் கொடுத்தார். தொழிலாளியை முதலாளி முகம் பார்த்து அறிவார். நல்லதோ கெட்டதோ, அவர் பொறுப்பு அவருடையது.

இதை மாற்றியது அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு யோசனை. ஃபில் நைட் என்ற இளைஞர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வணிகம் படித்தவர். ஜப்பானியப் புகைப்படக் கருவிகள் ஜெர்மன் கருவிகளைச் சந்தையிலிருந்து தள்ளியதுபோல, ஜப்பானியச் சப்பாத்துகள் ஜெர்மன் சப்பாத்துகளைத் தள்ள முடியாதா என்று படிக்கும்போதே ஒரு கட்டுரை எழுதினார். 1964-இல் அவரும் அவருடைய ஓட்டப் பயிற்சியாளர் பில் பௌவர்மனும் ஆளுக்கு 500 டாலர் போட்டு ஒரு சிறு நிறுவனம் தொடங்கி, ஜப்பானின் ஒனிட்சுகா டைகர் சப்பாத்துகளை இறக்கி விற்றார்கள். 1971-இல் சொந்தப் பெயர் வைத்தார்கள்: நைக்கி. அந்த வளைந்த குறியை வரைந்து கொடுத்த மாணவிக்குக் கிடைத்த கூலி 35 டாலர். பிற்காலத்தில் அவருக்குப் பங்குகள் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பெரிய தொழிற்சாலை கட்டி எல்லாவற்றையும் தானே செய்யும் வழியை நைக்கி எடுத்துக்கொள்ளவில்லை. சப்பாத்து எப்படி இருக்க வேண்டும் என்று வரைவதும், அதை யார் காலில் மாட்டிக் காட்டுவது என்று விளம்பரம் செய்வதும் நிறுவனத்தின் கையில். தைப்பதும் ஒட்டுவதும் வேறு நாட்டில், வேறு முதலாளியின் தொழிற்சாலையில். 1984-இல் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டானோடு ஒப்பந்தம் செய்தது முதல் பெயரின் மதிப்பு வானளவு ஏறியது. இப்படி இரண்டு பக்கமும் இலாபம். பெயருக்கு விலை கூடுகிறது. செய்கூலிக்கு விலை குறைகிறது. வணிகக் கல்லூரிகளில் இதைப் போட்டி உத்தி என்று பாடமாகவே வைத்திருக்கிறார்கள். மற்ற நிறுவனங்களும் பின்னாலேயே வந்தன. அடிடாஸும் பூமாவும் கூடத் தங்கள் தையலை ஆசியாவுக்கு அனுப்பிவிட்டன.

தோட்டத்து ஆட்களுக்கு இதை விளக்க நீண்ட உரை வேண்டியதில்லை. கொந்திராக்டர் என்ற ஒரு சொல் போதும். நிர்வாகம் நேரடியாக ஆள் வைத்தால் சேமநிதி கட்ட வேண்டும், வீடு தர வேண்டும், மருந்து தர வேண்டும். அந்த வேலையை ஒரு கொந்திராக்டரிடம் குத்தகைக்கு விட்டால்? "அவர் ஆட்கள், அவர் பொறுப்பு" என்று சொல்லிவிடலாம். புல் வெட்டுவதும் மருந்தடிப்பதும் குலை வெட்டுவதும் எத்தனை தோட்டங்களில் இப்படிக் கைமாறின என்று பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். உலக விளையாட்டு ஆடைத் தொழில் முழுவதும் அதே கொந்திராக்டு முறைதான். அளவு மட்டும் பெரிது.

கொந்திராக்டு முறையில் நெருக்கடி எப்படி இறங்கிவருகிறது என்பதைப் பார்ப்போம். பெரிய நிறுவனம் பத்து லட்சம் சட்டை வேண்டுமென்று ஆர்டர் போடுகிறது. நாலு நாட்டில் நாற்பது தொழிற்சாலைகள் கேட்டு நிற்கின்றன. ஒருவர் ஒரு விலை சொன்னால் அடுத்தவர் சில சென் குறைத்துச் சொல்கிறார். துணி விலையைக் குறைக்க முடியாது. எந்தத் துணி என்று வாங்குபவரே சொல்லிவிடுகிறார். மின்கட்டணத்தையும் கப்பல் கூலியையும் குறைக்க முடியாது. குறைக்க முடிந்தது ஒன்றுதான், தைப்பவர் கூலி. கூலியைச் சட்டம் காத்தால் நேரத்தை நீட்டுவார்கள். எட்டு மணி பன்னிரண்டாகும். ஆர்டர் தாமதமானால் அபராதம் உண்டு. அந்தப் பயத்தில் மேற்பார்வையாளர் வாயில் கெட்ட வார்த்தை வரும், சில இடங்களில் கையும் நீளும்.

1992 ஆகஸ்டில் அமெரிக்காவின் 'ஹார்ப்பர்ஸ்' இதழில் ஜெஃப் பாலிஞ்சர் என்பவர், இந்தோனேசியாவில் நைக்கிக்காகச் சப்பாத்து செய்த ஒரு பெண்ணின் சம்பளச் சீட்டை அச்சிட்டு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். அவளுக்கு மணிக்கு ஏறத்தாழ 14 சென்ட். கடையில் 80 டாலருக்கு விற்கும் ஒரு சோடியில் உழைப்புக் கூலியின் பங்கு ஏறத்தாழ 12 சென்ட். நம் வீட்டுப் பிள்ளைகள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். கூலியை இரட்டிப்பாக்கினால் 80 டாலர் சப்பாத்தின் விலை 80 டாலர் 12 சென்ட் ஆகும். யாராவது அதற்காக வாங்காமல் போவார்களா?

அப்படியிருந்தும் ஏன் இரட்டிப்பாக்கவில்லை? பேராசை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். பேராசை இல்லாமல் இல்லை. ஆனால் கூலி கொடுப்பவர் தொழிற்சாலைக்காரர். அந்த 80 டாலர் அவர் கைக்கு வருவதே இல்லை. அவருக்கு வருவது அதில் ஒரு சிறு பகுதி. அவர் ஒருவர் மட்டும் மனமிரங்கிக் கூலியை உயர்த்தினால் அடுத்த ஆர்டர் பக்கத்துத் தொழிற்சாலைக்குப் போய்விடும். பக்கத்துத் தொழிற்சாலையும் உயர்த்தினால் பக்கத்து நாட்டுக்குப் போய்விடும். நல்லவர் ஒருவர் மட்டும் தனியே நல்லவராக இருந்தால் தொழிலை விட்டே போக நேரிடும். இந்த முடிச்சுத்தான் முக்கியம். இதை எப்படி அவிழ்ப்பது என்று பிறகு வருவோம்.

நாடு விட்டு நாடு போவது வெறும் பேச்சில்லை. ஜப்பானில் சம்பளம் ஏறியதும் வேலை தென்கொரியாவுக்கும் தைவானுக்கும் போனது. 1987-இல் கொரியத் தொழிலாளர்கள் நாடெங்கும் வேலைநிறுத்தம் செய்து கூலியை உயர்த்தினார்கள். அதன் பின் இந்தோனேசியா, சீனா, வியட்நாம். நம் நாட்டு நிறுவனமும் இந்த ஓட்டத்தில் ஓடியிருக்கிறது. ஜொகூர் பத்து பகாட்டில் தொடங்கிய ரமாடெக்ஸ் என்னும் துணி நிறுவனம் ஆப்பிரிக்காவில் நமீபியா நாட்டில் ஒரு பெரிய தொழிற்சாலை அமைத்தது. அங்கிருந்து அமெரிக்காவுக்குத் தீர்வையில்லாமல் துணி அனுப்பலாம் என்பது கணக்கு. அந்நாட்டு அரசாங்கம் நிலம், நீர், மின்சாரம் எல்லாம் சலுகையில் கொடுத்தது. 2005 ஜனவரி முதல் நாள் உலகத் துணி வணிகத்தின் பழைய பங்கீட்டு முறை முடிவுக்கு வந்தது. சீனத்துத் துணிக்குக் கதவு திறந்தது. 2008-இல் ரமாடெக்ஸ் விண்ட்ஹூக் நகரத் தொழிற்சாலையை மூடிவிட்டது. ஏறத்தாழ 3,000 பேருக்கு வேலை போனது. தோட்டம் துண்டாடப்பட்டபோது பெட்டி படுக்கையோடு தெருவில் நின்ற குடும்பங்களுக்கு அந்தப் பெண்களின் நிலைமையைப் புரிந்துகொள்வது கடினமாக இராது.

இனி நைக்கியின் கதையில் திருப்பம் வருகிறது. 1996 ஜூனில் 'லைஃப்' இதழ் பாகிஸ்தானில் பந்து தைக்கும் சிறுவன் ஒருவனின் படத்தை வெளியிட்டது. மறு ஆண்டு நவம்பரில், வியட்நாமில் நைக்கிக்குச் சப்பாத்து செய்த ஒரு தொழிற்சாலையைப் பற்றி நைக்கியே கணக்காய்வாளர்களை வைத்து எடுத்த அறிக்கை வெளியே கசிந்தது. பசை வாடையால் காற்றில் கலந்த நச்சு, தொழிற்சாலையின் சில பகுதிகளில் அந்நாட்டுச் சட்டம் அனுமதித்த அளவைப்போல் 177 மடங்கு இருந்ததாகவும், தொழிலாளரில் நூற்றுக்கு 77 பேருக்கு மூச்சுக்கோளாறு இருந்ததாகவும் அதில் எழுதியிருந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்கள் கொடி பிடித்தார்கள். விற்பனை சரிந்தது. 1998 மே மாதம் ஃபில் நைட் வாஷிங்டனில் பத்திரிகையாளர் முன் நின்று, அடிமைக் கூலியும் கட்டாய மிகுநேர வேலையும் தம் பொருளின் பெயரோடு ஒட்டிப்போய்விட்டன என்று ஒப்புக்கொண்டார். சப்பாத்துத் தொழிற்சாலைகளில் 18 வயதுக்குக் கீழ் யாரையும் புதிதாகச் சேர்ப்பதில்லை என்றும், காற்றின் தூய்மைக்கு அமெரிக்க அளவையே கடைப்பிடிப்பதாகவும் வாக்குக் கொடுத்தார். 2005-இல் நைக்கி தனக்குத் தைத்துக் கொடுக்கும் 700-க்கும் மேற்பட்ட தொழிற்சாலைகளின் பெயரும் முகவரியும் கொண்ட பட்டியலை வெளியிட்டது. அதற்குமுன் அது தொழில் இரகசியம்.

பெயரை நம்பிப் பிழைப்பவருக்குப் பெயர் கெட்டால் வலிக்கும் என்பது உண்மை. அந்த அளவில் குறி தொழிலாளிக்கும் ஓர் ஆயுதமாயிற்று. ஆனால் குறியே இல்லாத சட்டையைத் தைப்பவளுக்காக எந்த மாணவர் கொடி பிடிப்பார்?

பட்டியல் வந்து மூன்று ஆண்டுக்குப் பின், 2008 ஜூலையில், விவகாரம் நம் நாட்டிலேயே வெடித்தது. ஹைடெக்ஸ் என்ற நிறுவனத்தின் தொழிற்சாலை நைக்கிக்கு டி-சட்டை தைத்துவந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களில் பெரும்பாலோர் வங்காளதேசம், வியட்நாம், மியன்மார் நாடுகளிலிருந்து வந்தவர்கள். ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி ஒன்று மறைவாகப் படம்பிடித்து ஒளிபரப்பியது. நெருக்கடியான விடுதிகள், தொழிலாளர் கையில் இல்லாத கடப்பிதழ்கள், வேலைக்கு வரக் கட்டிய கட்டணத்துக்காகவும் ஆண்டு வரிக்காகவும் சம்பளத்தில் பிடித்தம். ஆகஸ்டு தொடக்கத்தில் நைக்கி தானே விசாரித்துத் தவறு உண்மை என்று ஏற்றுக்கொண்டது. கட்டணங்களைத் தொழிலாளருக்குத் திருப்பித் தர வேண்டும், இனிமேல் அந்தச் செலவு தொழிற்சாலையுடையது, கடப்பிதழைக் கையில் கொடுக்க வேண்டும், விடுதியை மாற்ற வேண்டும், ஊர் திரும்ப விரும்புவோருக்கு விமானக் கட்டணம் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. மலேசியாவில் தனக்குத் தைக்கும் மற்றத் தொழிற்சாலைகளையும் அழைத்து அதையே சொன்னது.

நேயர்களே, அந்த வங்காளதேச இளைஞனின் கதையை நம் பாட்டனாரிடம் சொல்லியிருந்தால் அவர் வியந்திருக்க மாட்டார். வேலைக்குச் சேருமுன்பே கடன். கடன் தீரும்வரை வேறிடம் போக முடியாது. பத்தடி லயத்து அறையில் பல பேர். வேறுபாடு, இவன் வந்தது விமானத்தில், அவர் வந்தது நாகப்பட்டினத்துக் கப்பலில்.

நம் வரலாற்றில் இந்த முடிச்சு ஒருமுறை அவிழ்க்கப்பட்டிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ரப்பர் விலை ஏறி ஆள் பஞ்சம் வந்த காலம். ஒரு தோட்டம் கப்பல் கட்டணம் கட்டி ஆளைக் கொண்டுவரும். பக்கத்துத் தோட்டம் ஓரணா கூடக் காட்டி அந்த ஆளை இழுத்துக்கொள்ளும். செலவு ஒருவருக்கு, ஆள் இன்னொருவருக்கு. ஆகவே ஒவ்வொரு துரையும் தாம் போட்ட செலவை ஆள் தலையிலேயே கடனாகக் கட்டி அவனை அசையவிடாமல் வைத்தார். 1907-இல் அரசாங்கம் குடியேற்ற நிதி ஒன்றை ஏற்படுத்தியது. இந்தியத் தொழிலாளர் வைத்திருக்கும் எல்லா முதலாளிகளும் தலைக்கு இவ்வளவு என்று அந்த நிதியில் கட்ட வேண்டும். கப்பல் கட்டணம் அந்தப் பொதுப் பணத்திலிருந்து போகும். வந்திறங்கும் தொழிலாளி சட்டப்படி பயணக் கடன் இல்லாதவன். மூன்று ஆண்டுக்கு எழுதிக் கட்டும் பழைய ஒப்பந்தக் கூலி முறையும் 1910-இல் நிறுத்தப்பட்டது.

துரைமார் மனம் திடீரென்று இளகிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். ஆள் வேண்டும், சண்டை வேண்டாம் என்பதே காரணம். கங்காணி ஊரில் கொடுத்த முன்பணக் கடன் வேறு வழியில் தொடர்ந்தது, கூலியும் உயர்ந்துவிடவில்லை. ஆனால் அந்த நிதி ஓர் உண்மையைக் காட்டியது. செலவு எல்லா முதலாளிக்கும் சமமாக விழுந்தால், அதைத் தொழிலாளி தலையில் ஏற்ற வேண்டிய அவசியம் போட்டியினால் எவருக்கும் வராது. சிரம்பான் துரையும் கிள்ளான் துரையும் ஒரே தொகை கட்டினால் யாருக்கும் நட்டமில்லை.

சங்கம் செய்ததும் அதையேதான். 1946-இல் நெகிரி செம்பிலான் இந்தியத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. அதில் வளர்ந்த பி. பி. நாராயணன் 1954-இல் பல சங்கங்களை இணைத்து அமைந்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் பொதுச் செயலாளரானார். 1975-இல் சுதந்திரத் தொழிற்சங்கங்களின் உலகச் சம்மேளனத்துக்கே தலைவரானார். அந்தச் சங்கம் தோட்டத்துக்குத் தோட்டம் தனித்தனியே பேசவில்லை. முதலாளிமார் சங்கத்தோடு ஒரே கூட்டு ஒப்பந்தம் போட்டது. ஒப்பந்தத்துக்கு உட்பட்ட தோட்டங்கள் ஒன்றோடொன்று கூலியைக் குறைத்துப் போட்டியிட முடியாது. அந்த ஒப்பந்தத்தில் வாங்கிய கூலி போதுமா என்ற வாக்குவாதம் நம் வீட்டுத் திண்ணைகளில் நெடுங்காலம் நடந்தது. போதவில்லை என்றவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஆனால் வழி சரியான வழி.

ஹைடெக்ஸ் விவகாரத்தை மீண்டும் பாருங்கள். நைக்கிக்குத் தைத்த தொழிற்சாலைகளுக்கு மட்டும் அந்த உத்தரவு. குறியில்லாத சட்டை தைக்கும் பக்கத்துத் தொழிற்சாலைக்கு அது பொருந்தாது. பிறகு வந்த மாற்றங்களில் எது நிலைத்தது என்றால், எல்லாருக்கும் பொதுவாக வந்ததே நிலைத்தது. 2013 ஜனவரியில் மலேசியாவில் முதன்முதலாகக் குறைந்தபட்சச் சம்பளம் வந்தது. தீபகற்பத்தில் 900 வெள்ளி. படிப்படியாக ஏறி 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியானது. தொழிலாளர் வீடு பற்றி 1990-இல் வந்த சட்டம் பெரும்பாலும் தோட்டங்களையும் சுரங்கங்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. 2019-இல் அதைத் திருத்தி, 2020 ஜூன் முதல் தொழிற்சாலை விடுதிகளுக்கும் விரித்தார்கள். லயத்து வீட்டுக்காக எழுந்த சட்டம் இப்போது தையல் தொழிற்சாலை விடுதிக்கும் காவல். பிறர் கடப்பிதழை உரிய அதிகாரமின்றி வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படியே குற்றம். சட்டம் இருந்தும் எத்தனை ஆண்டு அது அலமாரியில் தூங்கியது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

வெளிநாட்டுச் சட்டமும் சில வேளை உதவுகிறது. கட்டாய உழைப்பில் செய்த பொருளை நாட்டுக்குள் விடக்கூடாது என்று அமெரிக்காவில் 1930-ஆம் ஆண்டுத் தீர்வைச் சட்டம் சொல்கிறது. 2020 ஜூலையில் டாப் குளோவ் நிறுவனத்தின் துணை நிறுவனங்கள் இரண்டின் கையுறைகளை அமெரிக்கச் சுங்கத்துறை அந்தச் சட்டப்படி நிறுத்தியது. கையுறையும் நம் ரப்பர்ப்பால்தான். நிறுவனம் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் கட்டியிருந்த கட்டணத்துக்கு ஈடாகப் 13 கோடி வெள்ளிக்கு மேல் திருப்பிக் கொடுத்தது. 2021 செப்டம்பரில் தடை நீங்கியது. பல ஆண்டு அறிவுரை செய்யாததை ஒரு துறைமுகக் கதவு செய்தது.

தமிழ்நாட்டிலிருந்தும் ஒரு செய்தி சொல்ல வேண்டும். அது விளையாட்டுச் சட்டையில்லை, சாதாரண நாகரிக உடை. ஆனால் வழி ஒன்றே. திண்டுக்கல் மாவட்டத்தில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஓர் ஆடைத் தொழிற்சாலை. 2021 ஜனவரியில் அங்கே வேலை செய்த இருபது வயதுத் தலித் பெண் ஒருத்தி கொல்லப்பட்டாள். குற்றம் சாட்டப்பட்டவர் அவளுடைய மேற்பார்வையாளர். தொழிற்சாலையைச் சோதிக்க வந்துபோன தணிக்கையாளர்கள் கண்ணில் அங்கிருந்த தொல்லைகள் படவே இல்லை. தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் என்ற பெண்கள் முன்னின்று நடத்தும் சங்கம் போராடியது. 2022 ஏப்ரலில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. வாங்கும் நிறுவனமான எச் அண்ட் எம் அதில் கட்டுப்பட்டது. பின்னர் கேப், பி.வி.எச். நிறுவனங்களும் சேர்ந்தன. தொழிற்சாலை ஒப்பந்தத்தை மீறினால் ஆர்டர் பாதிக்கும் என்பது நிபந்தனை. தையல் வரிசையில் உட்காரும் பெண்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைச் சங்கம் தேர்ந்து பயிற்சி கொடுத்தது. முதல் ஆண்டில் 180-க்கும் மேற்பட்ட முறையீடுகள் வந்தன. ஏறக்குறைய எல்லாமே தீர்க்கப்பட்டன. வெளியிலிருந்து வரும் தணிக்கையாளர் ஒரு நாள் பார்ப்பார். பக்கத்து இயந்திரத்தில் இருப்பவள் தினமும் பார்க்கிறாள். அந்த ஒப்பந்தத்தில் எனக்குப் பிடித்தது அதுதான்.

ஆகவே பிள்ளை குறி வைத்த சட்டை கேட்டால் என்ன செய்வது? வாங்குவதும் வாங்காததும் உங்கள் கையிருப்பைப் பொறுத்தது. குறி இருப்பதால் தைத்தவளுக்குக் கூலி கூடும் என்றும் சொல்ல முடியாது, இருபது வெள்ளிச் சட்டையை வாங்கினால் பாவமில்லை என்றும் சொல்ல முடியாது. சட்டைக் கழுத்தில் தைத்திருக்கும் துண்டு எந்த நாட்டில் செய்தது என்று மட்டும் சொல்லும். யார், என்ன கூலிக்கு என்பதைச் சொல்லாது. பெரிய நிறுவனங்களின் தொழிற்சாலைப் பட்டியல் இப்போது யாரும் பார்க்கும்படி இருக்கிறது. கைத்தொலைபேசியில் தேடத் தெரிந்த பிள்ளை, தான் கேட்கும் சட்டை எங்கெங்கே தைக்கப்படுகிறது என்று தேடிப் பார்த்து வீட்டுக்குச் சொல்லட்டும். குறியின் மீது ஆசை இருந்தால் அந்த வேலையையும் அவனே செய்யட்டுமே.

உங்கள் மகளோ மகனோ தொழிற்சாலையில் இருந்தால் இன்னும் பயனுள்ள கணக்கு ஒன்று உண்டு. மாதம் 1,700 வெள்ளி அடிப்படைச் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். அதை 26-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 65 வெள்ளி 38 சென். நாளுக்கு எட்டு மணி வேலையென்றால் ஒரு மணிக்கு 8 வெள்ளி 17 சென். வேலை நாளில் மிகுநேரத்துக்குச் சட்டம் சொல்வது ஒன்றரை மடங்கு, அதாவது மணிக்கு 12 வெள்ளி 26 சென். ஓய்வு நாளில் மிகுநேரம் இரண்டு மடங்கு, பொது விடுமுறையில் மூன்று மடங்கு. 2023 ஜனவரி முதல் வாரத்துக்கு 45 மணிதான் சாதாரண வேலை நேரம், முன்பு 48. மிகுநேர வேலைக்கும் மாதம் 104 மணி என்று வரம்பு இருக்கிறது. போட்டியின் நெருக்கடி எங்கே இறங்குகிறது என்று முன்னே சொன்னேனே, அது முதலில் தெரிவது சம்பளச் சீட்டின் இந்த வரியில்தான். மாதாமாதம் பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். படிக்கத் தெரியாத தாயாரும் மணிக்கணக்கைக் கேட்டுக் குறித்துவைக்கலாம். செக்ரோலில் பெயர் விடுபட்டால் கிராணியிடம் வாதாடிய தாயார்தானே!

குறைந்திருந்தால் சீட்டுகளை எடுத்துக்கொண்டு சிரம்பானில் உள்ள தொழிலாளர் இலாகாவுக்குப் போக வேண்டும். வேலைச் சட்டத்தின் 69-ஆம் பிரிவுப்படி சம்பளப் புகாரை அங்கேயே விசாரித்து உத்தரவிடுவார்கள். வழக்கறிஞர் வைக்க வேண்டிய கட்டாயமில்லை. இன்று நம் பழைய லயங்களில் குடியிருந்து குலை வெட்டும் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்களுக்கும் அதே பிரிவு பொருந்தும். மொழி தெரியாமல் தயங்கினால் கூடப் போகிறவர் ஒருவர் இருந்தால் போதும்.